அளவு நாடா பிடித்தவள் பேசுகிறேன்

நடுவர் ஐயாவுக்கும், எதிரணியில் உட்கார்ந்து இப்போதே என்னைப் பார்த்துச் சிரிக்கிற பெரியவருக்கும், வெயில் இறங்கியும் சூடு இறங்காத இந்த வேலூர்க் கோட்டை மைதானத்தில் நோட்டீசை மடித்து விசிறிக்கொண்டிருக்கும் உங்கள் எல்லாருக்கும் வணக்கம்.

லேட்டாக வந்தவர்களுக்காகத் தலைப்பை ஒருமுறை சொல்லிவிடுகிறேன். நாம் யார் என்பதை முடிவு செய்வது உடுப்பதும் அணிவதுமா, உள்ளே இருக்கும் மனமா? நான் உடுப்பதும் அணிவதும்தான் என்கிற கட்சி. எனக்கு முன்னால் பேசிய தமிழாசிரியர் ஐயா, உடை வெறும் உறைதான் என்றார், காந்தியைக் காட்டினார், கோமணம் கட்டினாலும் காந்தி காந்திதான் என்றார். அவருக்கு அடுத்து வந்த கம்ப்யூட்டர் கம்பெனித் தம்பி, கையில் கட்டுகிற கருவிக்கு ஆண் பெண் என்கிற பேதமே தெரியாது, அது எண்ணை மட்டும்தான் பார்க்கும் என்றார். கைதட்டல் அள்ளிக்கொண்டு போனார். நானும் தட்டினேன், பொய் சொல்ல மாட்டேன், நன்றாகப் பேசுகிற பிள்ளை.

நான் பத்தாவதோடு நின்றவள். ஊர் குடியாத்தம். அப்பா கைலி நெய்தார், நான் 26 வருஷமாக லேடீஸ் டெய்லர். அதனால் புத்தகத்தில் இருந்து கொஞ்சமாகவும் கடையில் இருந்து நிறையவும் பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தறியில் இருக்கிற வரைக்கும் துணிக்கு ஆண் பெண் கிடையாது ஐயா. அதே கட்டம், அதே நூல். இரண்டு முனையையும் மூட்டினால் ஆம்பளைக்குக் கைலி, மேலே மடித்து நாடா கோத்தால் பொம்பளைக்குப் பாவாடை. நான் தொழில் கற்றுக்கொண்ட மாஸ்டரிடம் ஆம்பளை சட்டைக்கு பட்டன் வலப் பக்கம், பொம்பளை சட்டைக்கு இடப் பக்கம் என்று ஏன் வைக்கிறோம் என்று கேட்டேன். வைக்கிறோம், அவ்வளவுதான் என்றார். அப்புறம் பத்துப் பேரிடம் கேட்டிருக்கிறேன், பத்துக் கதை கிடைத்தது. காரணம் தெரியாத அந்த வழக்கத்துக்கு 26 வருஷமாக நானும் காஜா எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பள்ளிக்கூடம் திறக்கிற ஜூன் மாதம் என் கடைக்கு வந்து ஒரு நாள் உட்கார்ந்து பாருங்கள். யூனிபார்ம் தைக்கப் பையன்களும் வருவார்கள், பெண் பிள்ளைகளும் வருவார்கள். பையனுக்கு மார்பைச் சுற்றி நாடா போட்டவுடனே மூச்சை இழுத்து நெஞ்சை நிமிர்த்துவான். ரெண்டு இஞ்சு கூட்டிக் காட்டுவான் திருட்டுப் பயல், நான் வயிற்றில் ஒரு தட்டுத் தட்டி மூச்சை விடச் சொல்லித்தான் அளவை எழுதுவேன். பன்னிரண்டு பதின்மூன்று வயசுப் பெண் பிள்ளைக்கு அதே நாடாவைப் போட்டால் தோள் ரெண்டும் முன்னால் வந்து மார்பை மூடிக்கொள்ளும். யாரும் சொல்லித் தருவதில்லை. பக்கத்தில் நிற்கிற அம்மா ஒரு வார்த்தைதான் சொல்வாள்: "அக்கா, கொஞ்சம் லூசா வைங்க."

இப்போது டெய்லர் கணக்குக்கு வாருங்கள். தோளைக் குறுக்கி நிற்கிற பிள்ளைக்கு அளவெடுத்தால் முன்பக்கம் அரை இஞ்சு குறையும், முதுகில் அரை இஞ்சு கூடும். அந்த அளவுக்கே நான் வெட்டித் தைத்துக் கொடுத்துவிட்டேன் என்று வையுங்கள். மறுநாள் அந்தப் பிள்ளை நிமிர்ந்தால் முன்னால் இழுக்கும், கொக்கி விட்டுவிடுமோ என்று பயந்து மறுபடியும் குனியும். வருஷம் முழுக்க அதே துணி, அதே குனிவு. அடுத்த ஜூனில் வந்து நிற்கும்போது குனிவு உடம்போடு சேர்ந்திருக்கும், நான் மறுபடியும் அளவெடுப்பேன். ஐயா உறை என்றாரே, உறைக்குள் இருக்கும் கடிதத்தை உறை மாற்றி எழுதுமா? என் கடையில் எழுதுகிறது. தொழில் ஆரம்பித்த முதல் சில வருஷம் நானே அப்படித்தான் தைத்துக் கொடுத்தேன், அதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. இப்போதெல்லாம் பேச்சுக் கொடுத்துச் சிரிக்க வைத்துவிட்டு, தோள் தானாக இறங்குகிற நேரம் பார்த்து நாடாவை இழுப்பேன்.

அடுத்தது பாக்கெட். எங்கள் பக்கத்தில் ஜோபி என்போம். நம் வேலூரைப் பற்றி வெளியூர்க்காரர்கள் கிண்டல் பண்ணுவது உங்களுக்குத் தெரியும்: நீரில்லாத ஆறு, மரமில்லாத மலை, ராஜா இல்லாத கோட்டை, சாமியில்லாத கோயில் என்று ஒரு பட்டியல் போடுவார்கள். சாமியில்லாத கோயில் என்பது 1981இல் ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்குள் லிங்கம் திரும்பி வந்ததோடு முடிந்துபோனது. காலியான அந்த இடத்தில் நான் ஒன்றைச் சேர்க்கிறேன், ஜோபி இல்லாத பொம்பளை உடுப்பு. அது வேலூருக்கு மட்டும் சொந்தம் இல்லை, ஆனாலும் சேர்க்கிறேன்.

சிரித்துவிட்டு யோசியுங்கள். என் பாட்டி இடுப்பில் சுருக்குப்பை செருகியிருந்தாள், வெற்றிலையும் காசும் அதில். அம்மா முந்தானையில் முடிந்துவைத்தாள். நாங்கள் ஜாக்கெட்டுக்குள் பர்சைச் செருகுகிறோம், பஸ்ஸில் கண்டக்டருக்குக் காசு கொடுக்க ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறோம். அதெல்லாம் போகட்டும். செல்போன் வந்ததே, அது யார் உடம்பில் ஒட்டியது? ஆம்பளை போன் சட்டைப் பையில், பேண்ட் பையில், அவன் உடம்போடு இருக்கும். வீட்டில் இருக்கிற பொம்பளை போன் அலமாரி மேலே, டிவி பக்கத்தில், அரிசி டப்பாவுக்கு மேலே கிடக்கும். கிடந்தால் என்ன? போகிற வருகிறவர்கள் எல்லாம் எடுத்துப் பார்ப்பார்கள், பிள்ளை விளையாடும், மாமியார் பேசுவார், வீட்டுக்காரர் யார் கூப்பிட்டது என்று தள்ளிப் பார்ப்பார். அவர் போனை இவள் எடுத்துப் பார்க்க அவர் நெஞ்சுக்குள் கைவிட வேண்டும். பேசுவதற்கென்று ஒரு அந்தரங்கம் அவருக்கு இருக்கிறது, இவளுக்கு இல்லை, அந்த வித்தியாசம் நாலு இஞ்சுத் துணிதான். பொம்பளை மனசு பாக்கெட் கேட்கவே இல்லை என்று எதிரணி சொல்லலாம். ஷூ கம்பெனி பஸ்ஸில் விடியற்காலையில் ஏறிப் போகிற பெண்கள் என்னிடம் சுடிதாரில் பக்கவாட்டுப் பாக்கெட் கேட்டு வாங்கிக்கொண்டு போகிறார்கள், ஆறு மாதம் கழித்து அவர்கள் நடை வேறு மாதிரி இருக்கிறது. ஒரு கை சும்மா இருக்கிறது, பையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டியதில்லை, பஸ் கம்பியை ரெண்டு கையாலும் பிடிக்கலாம். தெருவில் அதற்குப் பேர் "அந்தப் பொண்ணுக்குத் திமிர் வந்துடுச்சு". திமிர் வரவில்லை, ஜோபி வந்தது.

நைட்டியைச் சொல்லாமல் போனால் என் கடை வாடிக்கையாளர்கள் என்னைச் சும்மா விடமாட்டார்கள். ஆந்திராவில் தொகலப்பள்ளி என்கிற கிராமத்தில், 2018இல், பகலில் நைட்டியோடு வெளியே வந்தால் 2,000 ரூபாய் அபராதம், பார்த்துச் சொல்பவருக்கு 1,000 ரூபாய் என்று ஊர்ப் பெரியவர்கள் கட்டுப்பாடு போட்டார்கள். கழுத்தில் இருந்து கால் வரைக்கும் மூடுகிற உடுப்பு ஐயா அது. மூடுகிறதா திறக்கிறதா என்பது அங்கே பிரச்சினையே இல்லை. நைட்டி போட்டவள் இழுத்துச் செருக வேண்டாம், சரிசெய்ய வேண்டாம், உடுப்பை நினைத்துக்கொண்டே இருக்க வேண்டாம். அப்படி ஒரு பொம்பளை கடைத்தெருவுக்கு வந்தால் அவள் வேறு ஆளாக ஆகிவிடுவாள் என்று அந்த ஊர்க்காரர்களுக்குத் தெரிந்திருக்கிறது. இந்த மேடையில் என் கட்சிக்கு வந்து உட்கார வேண்டியவர்கள் அவர்கள்.

காந்திக்கு வருகிறேன், மறக்கவில்லை. 1921 செப்டம்பர் 22, மதுரை. அன்றைக்குத்தான் அவர் சட்டையையும் நீளமான வேட்டியையும் விட்டுவிட்டு அரைத்துணிக்கு மாறினார். ஏன் மாறினார்? உடை வெறும் உறை என்றால் பழைய உறையிலேயே இருந்திருக்கலாமே, யார் கேட்டார்கள்? ஏழை உடுப்பதை உடுத்தால்தான் ஏழையில் ஒருவன் ஆவேன் என்று அவருக்குப் பட்டது, பத்து வருஷம் கழித்து லண்டனில் ராஜா முன்னாலும் அதே துணியில்தான் போய் நின்றார். ஐயா காட்டிய சாட்சி எங்கள் கட்சிச் சாட்சி.

இன்னொரு சாட்சி உங்களுக்கு முதுகுக்குப் பின்னாலேயே நிற்கிறது, திரும்பிப் பாருங்கள். இதே கோட்டை, 1806 ஜூலை 10, விடிவதற்கு முன்னால். சிப்பாய்ப் புரட்சி என்று நாமெல்லாம் பாடத்தில் படித்தோம், அது ஒரு தையல் விவகாரம் என்று வாத்தியார் யாரும் சொல்லவில்லை. கிழக்கிந்தியக் கம்பெனிப் படை சிப்பாய்களுக்குப் புதுத் தலைப்பாகை கொடுத்தது, தோலில் செய்த குஞ்சம் வைத்தது, பார்ப்பதற்கு வெள்ளைக்காரத் தொப்பி மாதிரி. அணிவகுப்பில் நெற்றியில் சின்னம் கூடாது, காதில் கடுக்கன் கூடாது, தாடியை ஒழுங்குபடுத்த வேண்டும் என்று உத்தரவு. மாட்டேன் என்றவர்களுக்குக் கசையடி. சம்பளக் குறை இருந்தது, கோட்டைக்குள்ளே திப்புவின் பிள்ளைகள் சிறையில் இருந்தார்கள், அதெல்லாமும் சேர்ந்துதான் வெடித்தது, நான் மறைக்கவில்லை. ஆனால் தலைப்பாகைதான் திரி. ஆற்காட்டில் இருந்து குதிரைப்படை வந்து அன்றைக்கே அடக்கியது, நூற்றுக்கணக்கில் செத்தார்கள். பிறகு கவர்னர் பென்டிங்கையும் தளபதி கிரடாக்கையும் லண்டன் திரும்ப அழைத்துக்கொண்டது, தலைப்பாகை உத்தரவும் போயிற்று. வெறும் உறைக்கா செத்தார்கள்? அந்தத் தொப்பியை வைத்துக்கொண்டு ஊருக்குப் போனால் பெற்ற தாயே வாசலில் நிறுத்திவைத்து யார் நீ என்பாள் என்று அவர்களுக்குத் தெரியும்.

அதில் கடுக்கன் என்று ஒன்று வந்ததே, கவனித்தீர்களா? அன்றைக்குக் கடுக்கனைக் கழற்றச் சொன்னது அந்தச் சிப்பாய்க்கு மானப் பிரச்சினை. இன்றைக்கு ஒரு பையன் காதில் கடுக்கன் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தால், "என்னடா பொம்பள மாதிரி" என்று அப்பா விளக்குமாற்றைத் தேடுகிறார். அதே காது, அதே கல். எது ஆம்பளை எது பொம்பளை என்பது பிறவியில் ஒட்டிக்கொண்டு வருவதாக இருந்தால் இருநூறு வருஷத்தில் இப்படித் தலைகீழாகுமா?

தம்பி, இனி உங்களுக்கு. நீங்கள் கட்டியிருக்கிற கைக்கடிகாரம், நல்ல கெட்டியான கறுப்பு வார், பார்க்கவே ஆம்பளைத்தனமாக இருக்கிறது. நூற்றுச் சொச்சம் வருஷத்துக்கு முன்னால் ஐரோப்பாவில் மணிக்கட்டில் கடிகாரம் கட்டுவது பொம்பளை நகை. ஆம்பளை என்றால் சங்கிலி போட்டுப் பையில் வைக்க வேண்டும், பாருங்கள், அங்கேயும் ஜோபிதான். 1914இல் பெரிய போர் வந்தது. பதுங்குகுழியில் துப்பாக்கியைப் பிடித்துக்கொண்டு, பீரங்கி எத்தனை மணிக்குச் சுடும் என்று நிமிஷம் பார்த்து ஓட வேண்டியவனால் பைக்குள் கைவிட்டுத் துழாவ முடியவில்லை, மணிக்கட்டில் கட்டிக்கொண்டான். போர் முடிந்து அதே கடிகாரத்தோடு வீடு திரும்பினான், வளையல் மாதிரி இருந்த சாமான் வீரனுடைய சாமான் ஆகிவிட்டது.

கருவி எண்ணை மட்டும்தான் பார்க்கும் என்றீர்கள். எனக்கும் ஒரு ஸ்மார்ட் வாட்ச் உண்டு, இதோ. மெஷின் சத்தத்தில் போன் அடிப்பது கேட்பதில்லை என்று என் பெண் வாங்கிக் கொடுத்தாள். கட்டும்போது அது கேட்ட முதல் கேள்விகளில் ஒன்று, ஆணா பெண்ணா. ஏன் கேட்கிறது என்று பெண்ணிடம் கேட்டேன், கலோரிக் கணக்குக்கு என்றாள். 1990இல் வந்த ஒரு கணக்கு முறை பரவலாகப் புழக்கத்தில் இருக்கிறது: எடை, உயரம், வயசு எல்லாம் போட்டுவிட்டுக் கடைசியில் ஆண் என்றால் 5 கூட்ட வேண்டும், பெண் என்றால் 161 கழிக்க வேண்டும். சராசரியில் அது சரியாகவே இருக்கலாம், நான் டாக்டர் இல்லை. எண்ணுக்குள்ளேயே ஆண் பெண் உட்கார்ந்திருக்கிறது என்று மட்டும் சொல்கிறேன்.

அப்புறம் வேடிக்கையைக் கேளுங்கள். நாள் முழுக்கப் பெடல் மெஷின் மிதிக்கிறேன், கால் வீங்குகிறது. வாட்ச் கையில் இருக்கிறது, கையோ துணியைப் பிடித்துக்கொண்டு அசையாமல் இருக்கிறது. அதனால் என் மிதிப்பு எதுவும் அதன் கணக்கில் வராது, மணிக்கொரு தரம் அதிர்ந்து "எழுந்து நட" என்று புத்தி சொல்லும். சாயங்காலம் வீட்டில் துணியை அடித்துத் துவைத்தால் மளமளவென்று காலடி ஏறும். ஒரே இடத்தில் நின்று கல்லில் அறைந்துகொண்டிருப்பவளை நடந்தாய் என்கிறது. முதல் மாதம் சிரித்தேன். ரெண்டாவது மாதம் ராத்திரி சாப்பிட்ட பிறகு காலடிக் கணக்கைப் பூர்த்தி பண்ண வாசலில் நடந்துகொண்டிருந்தேன் ஐயா, பதினோரு மணி நேரம் மெஷின் மிதித்த காலோடு. நான் உடம்பை வளைக்காத சோம்பேறி என்று ஒரு கருவி சொன்னது, நானும் நம்பிவிட்டேன். 26 வருஷ உழைப்புக்காரி என்கிற என் அடையாளத்தை ரெண்டு மாதத்தில் அது அசைத்துப் பார்த்தது. மனசு எங்கே போயிருந்தது அப்போது?

யார் உடம்பை நினைத்துச் செய்தார்களோ அவருக்குத்தான் எந்தச் சாமானும் பொருந்தும். 2014இல் ஆப்பிள் போனில் ஆரோக்கியக் கணக்கு ஒன்று வந்தது, உடம்பில் சேருகிற செம்புச்சத்து வரைக்கும் குறித்துவைக்க அதில் இடம் இருந்தது, மாதவிடாய்க்கு இல்லை, அடுத்த வருஷம்தான் சேர்த்தார்கள். 2019 மார்ச்சில் விண்வெளியில் ரெண்டு பெண்கள் மட்டும் சேர்ந்து வெளியே மிதந்து வேலை செய்வதாக நாசா அறிவித்தது. கடைசியில் ரெண்டு பேருக்கும் ஒரே நடுத்தர அளவு மேலுடை தேவைப்பட்டது, நேரத்துக்குத் தயார் பண்ண முடிந்தது ஒன்றுதான், ஒரு பெண் விலகிக்கொண்டு ஓர் ஆண் போனார். அக்டோபர் 18ஆம் தேதிதான் கிறிஸ்டினா கோக், ஜெசிகா மெயர் என்று ரெண்டு பெண்கள் சேர்ந்து போனார்கள். படிப்பு இருந்தது, மனசு இருந்தது, தைரியம் இருந்தது, அளவு ஜாக்கெட் இல்லை. இதைக் கேட்ட அன்றைக்கு என் தொழிலை நினைத்துக் கொஞ்சம் கர்வமாகவே இருந்தது.

நேர்மையாக ஒன்று சொல்லிவிடுகிறேன். டாக்டர் கோட்டு என்று சொல்லி வெள்ளைக் கோட்டைப் போட்டுவிட்டால் கவனமே கூடுகிறது என்று 2012இல் ஓர் ஆராய்ச்சி வந்ததாம், என் பெண் தேடிக் கொடுத்தாள். இன்றைக்கு அதைத்தான் பிரம்மாஸ்திரமாக விட இருந்தேன். நேற்று ராத்திரி அவளே வந்து, அம்மா, பின்னால் வேறு ஆட்கள் செய்து பார்த்தபோது அந்த முடிவு வரவில்லை என்றாள். அதனால் விடவில்லை. எதிரணி அதைக் காட்டி என்னை அடிக்கக் காத்திருந்தால் ஏமாந்துபோங்கள்.

எங்கள் கட்சியைக் கவிழ்க்கக்கூடிய கேள்வி ஒன்றுதான் உண்டு, அதை அவர்கள் கேட்கவில்லை, நானே கேட்டுக்கொள்கிறேன். என் கடைக்கு ஒரு திருநங்கை வந்தார், சின்ன வயசு. முதல் ஜாக்கெட். அளவு ஜாக்கெட் கொண்டுவந்தாயா என்று வழக்கம்போலக் கேட்டுவிட்டேன், கேட்ட பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். எங்கிருந்து கொண்டுவருவார்? பிறந்ததில் இருந்து அவருக்குச் சட்டையும் டவுசரும்தானே போட்டுவிட்டார்கள். உடுப்புதான் ஆளை ஆக்குகிறது என்றால் அத்தனை வருஷச் சட்டை அவரை ஆம்பளையாக ஆக்கியிருக்க வேண்டாமா? ஆக்கவில்லை. அங்கே மனசு முந்திக்கொண்டது, ஒப்புக்கொள்கிறேன். 2014 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமும் அதைத்தான் சொன்னது, தான் யார் என்று அவரவர் சொல்வதே போதும், அறுவை சிகிச்சை செய்திருக்க வேண்டும் என்று கேட்காதே என்று.

ஆனால் அவர் ஏன் என் கடைக்கு வந்தார்? மனசே போதும் என்றால் வீட்டிலேயே இருந்திருப்பார். தைத்துக் கொடுத்த ஜாக்கெட்டைப் போட்டு, திரைச்சீலையை விலக்கி வெளியே வந்தபோது, கடையில் சேலைக்குப் பால்ஸ் வைக்க வந்து உட்கார்ந்திருந்த ஓர் அம்மா நிமிர்ந்து பார்த்து, "தள்ளி உட்காரட்டுமா, நீயும் உட்காரும்மா" என்றார். அந்த "ம்மா"வுக்கு அவர் கண் கலங்கியதை நான் பார்த்தேன். தமிழாசிரியர் ஐயாவையே கேட்கிறேன், அடையாளம் என்கிற சொல்லுக்கு என்ன அர்த்தம்? அடுத்தவர் பார்த்துக் கண்டுகொள்வதற்கான குறிதானே? மனசு உள்ளேயே இருந்தது, இருபது வருஷம் இருந்தது, அதற்கு ஒருத்தரும் "ம்மா" சொல்லவில்லை. முக்கால் மீட்டர் துணி சொல்ல வைத்தது.

அவருக்கு நான் அளவெடுக்கும்போதும் தோள் முன்னால் குறுகித்தான் இருந்தது. அந்த முதல் ஜாக்கெட்டுக்குப் பேச்சுக் கொடுத்துச் சிரிக்க வைக்க எனக்கு அரை மணி நேரம் ஆனது.

நடுவர் ஐயா மணியில் கை வைத்துவிட்டார், பார்த்துவிட்டேன். ஐயா, நீங்கள் அடிக்கவே வேண்டாம். இவ்வளவு நேரம் மைக்கைப் பிடித்து ஒரே இடத்தில் நின்றேனா, இதோ கையில் அதிர்கிறது, "எழுந்து நட" என்கிறது. நடந்து போய் என் நாற்காலியில் உட்காருகிறேன், வணக்கம்.